5 கோடியே 29 லட்சம் குழந்தைகள்: அந்த எண்ணுக்குள் இருப்பவர்கள் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, ஓரிடத்தில் "5 கோடிக்கு மேல்" என்கிறது. இரண்டு பத்தி தள்ளி "24 கோடி" என்கிறது. எது சரி என்று வாசகர் கேட்பது நியாயம். இரண்டும் சரிதான். ஆனால் இரண்டும் வெவ்வேறு வயதுக் குழந்தைகளை, வெவ்வேறு அளவுகோலால் எண்ணியவை. அதைச் சொல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், புள்ளிவிவரமே பொய் என்ற எண்ணம்தான் மிஞ்சும்.

முதல் எண், உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வுக் குழுவினர் 2018-ல் லான்செட் குளோபல் ஹெல்த் என்ற மருத்துவ இதழில் வெளியிட்டது. 2016-ஆம் ஆண்டில் 5 வயது நிரம்பாத குழந்தைகளில் 5 கோடியே 29 லட்சம் பேருக்கு, அதாவது 8.4 சதவீதத்தினருக்கு, வளர்ச்சிக் குறைபாடு இருந்தது என்பது அதன் மதிப்பீடு. இதில் அடங்குபவை ஆறே ஆறு: வலிப்பு நோய், அறிவுசார் குறைபாடு, செவித்திறன் இழப்பு, பார்வை இழப்பு, ஆட்டிசம், ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு மிகைச்செயல்பாடு. மூளை முடக்குவாதம் இந்தப் பட்டியலில் தனியாக இல்லை. கால்கள் விறைத்து நடக்க முடியாமல், ஆனால் கண், காது, அறிவுத்திறன் எல்லாம் சரியாக இருந்து, வலிப்பும் வராத ஒரு குழந்தை இந்தக் கணக்கில் வரவே மாட்டாள். பேச்சு மட்டும் தாமதமான குழந்தையும் அப்படியே.

24 கோடி என்பது யுனிசெஃப் 2021-ல் சொன்னது. அது பிறந்தது முதல் 17 வயது வரையிலான எல்லாரையும் சேர்த்தது. பத்தில் ஒரு குழந்தை என்று கணக்கு. அதன் அடித்தளம் நோய்ப்பெயர் அல்ல, செயல்பாடு. இன்னொரு எண்ணும் சுற்றிக்கொண்டிருக்கிறது: 24 கோடியே 90 லட்சம். தற்செயலாக யுனிசெஃப் எண்ணுக்கு மிக அருகில் இருப்பதால் இரண்டையும் ஒன்றாக்கி எழுதுபவர்கள் உண்டு. உண்மையில் அது, குறைந்த மற்றும் நடுத்தர வருமான நாடுகளில் 5 வயதுக்கு உட்பட்டவர்களில், தங்கள் முழுத் திறனை எட்டாமல் போகும் ஆபத்தில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று 2010-ஆம் ஆண்டுக்குப் போட்ட கணக்கு. வயதுக்கேற்ற உயரமின்மை, கடும் வறுமை ஆகிய இரண்டை மட்டும் வைத்துப் போட்டது. ஒரு குழந்தையின் பேச்சையோ பார்வையையோ யாரும் சோதித்துப் பார்த்து வந்த எண் அல்ல. அதைக் குறைபாடுள்ள குழந்தைகளின் எண்ணிக்கை என்று அச்சிடுவது தவறு.

இவற்றில் எதுவும் வீடு வீடாகப் போய் எண்ணியது அல்ல என்பதையும் கட்டுரை சொல்லியிருக்கலாம். பல நாடுகளில் நேரடித் தரவே கிடையாது. அங்கெல்லாம் கணித மாதிரி வழியான மதிப்பீடுதான் இடைவெளியை நிரப்புகிறது. அதனால்தான் ஆய்வாளர்கள் 5 கோடியே 29 லட்சம் என்பதோடு நிறுத்தாமல், உண்மை எண் 4 கோடியே 87 லட்சத்துக்கும் 5 கோடியே 73 லட்சத்துக்கும் இடையில் இருக்கலாம் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். இந்த வரம்பை வெட்டிவிட்டு நடு எண்ணை மட்டும் அச்சிடுவது பத்திரிகைகளின் பழக்கமாகிவிட்டது. இடம் மிச்சம், ஆனால் அது எதன் எண் என்பது போய்விடுகிறது.

யுனிசெஃப் கணக்குக்குப் பின்னால் இருக்கும் கேள்வித்தாள் தனியே பார்க்கத் தக்கது. குறைபாடுகளை எண்ணும் முறைகளை வகுக்கும் ஐ.நா. சார்ந்த வாஷிங்டன் குழுவும் யுனிசெஃப்பும் சேர்ந்து 2016-ல் முடிவு செய்தது அது. 2 முதல் 4 வயது வரையிலான குழந்தைகளுக்கு எட்டுத் துறைகள்: பார்ப்பது, கேட்பது, நடப்பது, சிறு பொருளைக் கையால் எடுப்பது, புரிந்துகொள்வதும் புரியவைப்பதும், கற்பது, விளையாடுவது, நடத்தையைக் கட்டுப்படுத்துவது. தாயிடமோ வளர்ப்பவரிடமோ கேட்பார்கள். "உங்கள் குழந்தைக்குக் குறைபாடு உண்டா?" என்ற கேள்வி எங்குமே வராது. அந்தச் சொல் வந்த நொடியில் கதவு மூடிக்கொள்ளும் என்பது கணக்கெடுப்புக்குப் போனவர்களுக்குத் தெரியும். சிரமமே இல்லை, கொஞ்சம் சிரமம், மிகுந்த சிரமம், அறவே முடியாது என்று நான்கு விடைகள். கடைசி இரண்டில் ஒன்றைச் சொன்னால்தான் அந்தக் குழந்தை எண்ணிக்கையில் சேர்கிறது. நடத்தைக்கு மட்டும் வேறு அளவுகோல்: அதே வயதுக் குழந்தைகளோடு ஒப்பிட்டால் அடிப்பதும் கடிப்பதும் உதைப்பதும் எவ்வளவு என்று கேட்டு, "மிக மிக அதிகம்" என்ற விடையை மட்டுமே எடுப்பார்கள். இரண்டு வயதுப் பிள்ளை கடிப்பது இயல்புதானே.

இதே கேள்வித்தாளில் "கொஞ்சம் சிரமம்" என்றவர்களையும் சேர்த்தால் விகிதம் பல மடங்கு ஏறிவிடும். குழந்தைகள் மாறவில்லை, கோடு மட்டும் ஒரு படி இறங்கியது. இரு நாடுகளை ஒப்பிடும் செய்தியில், இருவரும் கோட்டை ஒரே இடத்தில்தான் போட்டார்களா என்பதே முதல் கேள்வி. 2 வயதுக்குக் கீழ் இந்தக் கேள்வித்தாளே இல்லை என்பதும் கவனிக்க வேண்டியது. அந்த வயதில் இயல்பான வேறுபாடே அவ்வளவு அகலம்.

இதைவிடப் பெரிய பிழை, முதற்கட்டப் பரிசோதனையின் முடிவை அப்படியே விகிதம் என்று எழுதிவிடுவது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10,000 குழந்தைகளில் 100 பேருக்குத்தான் குறைபாடு இருக்கிறது என்று கொள்வோம். பரிசோதனை நல்லதுதான்: குறைபாடுள்ள 100 பேரில் 90 பேரைப் பிடிக்கும், இல்லாதவர்களில் 90 சதவீதத்தினரை இல்லை என்றே சொல்லும். மீதி 10 சதவீதம், அதாவது 9,900 பேரில் 990 பேர், காரணமின்றிச் சந்தேகப் பட்டியலில் விழுவார்கள். மொத்தம் 1,080 பேர் பட்டியலில். அவர்களில் உண்மையில் குறைபாடுள்ளவர் 90 பேர். பன்னிரண்டில் ஒருவர்! உண்மை விகிதம் 1 சதவீதம், தலைப்புச் செய்தி 10.8 சதவீதம். ஆட்டிசத்துக்கான எம்-சாட் வினாத்தாளில் இதற்காகவே இரண்டாம் படி வைத்திருக்கிறார்கள். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு 20 கேள்விகள். 3 முதல் 7 மதிப்பெண் வந்தால் விரிவாக மறுபடி கேட்க வேண்டும். 8-ஓ அதற்கு மேலோ வந்தால் நேரே நிபுணரிடம். நேரமில்லை என்று இரண்டாம் படியை விட்டுவிடும் முகாம்களில்தான் பெற்றோர் பீதியோடு வீடு திரும்புகிறார்கள்.

ஆட்டிசம் "வெடித்துப் பரவுகிறது" என்று கட்டுரை எழுதியிருக்கிறது. அமெரிக்காவின் கண்காணிப்புத் தரவில் 8 வயதினரிடையே 2000-ல் 150-க்கு ஒருவர், 2022-ல் 31-க்கு ஒருவர் என்பது உண்மை. ஆனால் அதே 2022 அறிக்கையில், டெக்சாஸின் ஓர் இடத்தில் ஆயிரத்துக்கு 9.7, கலிஃபோர்னியாவில் 53.1. ஒரே நாடு, ஒரே ஆண்டு, ஒரே கணக்கெடுப்பு முறை. ஐந்து மடங்குக்கு மேல் வேறுபாடு. இந்தக் கண்காணிப்பு, பள்ளி மற்றும் மருத்துவப் பதிவேடுகளைப் புரட்டித்தான் நடக்கிறது. பரிசோதிக்க ஆள் இருக்கும் ஊரில் பதிவேடு தடிக்கும். 2013-ல் வரையறையே மாறி, முன்பு தனிப் பெயர்களில் இருந்தவை ஒன்றாக்கப்பட்டதும் இதில் சேர்த்தி. எல்லா உயர்வும் இதனால்தான் என்று நாங்கள் சொல்லவில்லை. "வெடித்து" என்ற சொல்லுக்கு மட்டும் ஆதாரம் இல்லை.

இனி, கட்டுரை தொடாமல் விட்ட முக்கியமான ஒப்பீடு. 1990-ல் 5 வயதுக்கு உட்பட்டவர்களில் குறைபாடுள்ளோர் 5 கோடியே 30 லட்சம். 26 ஆண்டுகள் கழித்து 5 கோடியே 29 லட்சம். மக்கள்தொகை கூடியதால் விகிதம் 8.9-லிருந்து 8.4-ஆக இறங்கியது, அவ்வளவே. அதே காலத்தில் 5 வயதுக்குள் இறக்கும் குழந்தைகள், பிறக்கும் ஆயிரத்துக்கு 93 என்பதிலிருந்து 41-ஆகக் குறைந்தார்கள். உயிர் காப்பதில் பாதிக்கு மேல் முன்னேற்றம். குறைபாட்டைத் தடுப்பதில் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே. சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் எண்ணிக்கை 71.3 சதவீதம் உயர்ந்தது. விகிதத்தில் முதலிடம் தெற்காசியாவுக்கு. மொத்தத்தில் 95 சதவீதக் குழந்தைகள் குறைந்த மற்றும் நடுத்தர வருமான நாடுகளில் வாழ்கிறார்கள். எண்ணிக்கையில் பார்வை இழப்பும் அடுத்துச் செவித்திறன் இழப்பும் முன்னே நிற்கின்றன. தீவிரத்தையும் சேர்த்துப் பெருக்கி, குறைபாட்டோடு வாழும் ஆண்டுகளாகக் கணக்கிட்டால் அறிவுசார் குறைபாடு முதலிடத்துக்கு வந்துவிடுகிறது.

ஏன் இப்படி என்பதற்குக் குறைமாதக் குழந்தையின் கண்ணைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. 2020-ல் மட்டும் உலகில் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தார்கள். அவர்களைக் காப்பது ஆக்சிஜன். அளவு மீறினால் விழித்திரையின் முதிராத ரத்தக்குழாய்களைக் கெடுப்பதும் அதே ஆக்சிஜன். ஆஸ்திரேலிய மருத்துவர் கேட் கேம்ப்பெல் 1951-லேயே இந்தத் தொடர்பைச் சுட்டிக்காட்டினார். இன்று என்ன செய்ய வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை: காற்றையும் ஆக்சிஜனையும் அளவாகக் கலக்கும் கருவி, ரத்த ஆக்சிஜன் அளவை பொதுவாக 90 முதல் 95 சதவீதத்துக்குள் வைக்கும் கண்காணிப்பு, பிறந்த நான்காம் வாரம் வாக்கில் கண் மருத்துவரின் விழித்திரைப் பரிசோதனை, தேவைப்பட்டால் இரண்டு மூன்று நாளுக்குள் லேசர். இன்குபேட்டர் வாங்கிய வார்டில் கலக்கும் கருவி இருக்காது. அது இருந்தாலும், நான்காம் வாரத்துக்குள் குழந்தை வீட்டுக்குப் போயிருக்கும். எந்த நாளில் யாரிடம் கண்ணைக் காட்ட வேண்டும் என்று வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் எழுதியிருக்க மாட்டார்கள். கண் போவது அந்த ஒரு வரி இல்லாததால்.

காதிலும் இதே கதை. பிறந்த ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட விதி. பெரும்பாலும் முதலில் செய்வது, காதுக்குள் சிறு முனையை வைத்து உட்செவியின் எதிரொலியை அளக்கும் ஓஏஇ. பிறந்த முதல் நாளிலேயே செய்தால், காதுத் துளையில் தேங்கிய நீராலும் பிசினாலும் நல்ல காதும் தோற்கும். ஒரு நாள் பொறுத்துச் செய்வது மேல். எதிர்த்திசையிலும் ஒரு குழி உண்டு. ஓஏஇ உட்செவியை மட்டுமே பார்க்கிறது. கடும் மஞ்சள்காமாலை வந்த குழந்தைக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைக்கும் உட்செவி சரியாக இருந்து, நரம்பு பழுதாகியிருக்கலாம். அவர்கள் ஓஏஇ-யில் தேறிவிடுவார்கள். அவர்களுக்கு மூளைத்தண்டு வரை ஒலி போகிறதா என்று பார்க்கும் பெரா பரிசோதனைதான் வேண்டும். வீட்டில் கை தட்டிப் பார்ப்பதெல்லாம் சோதனை ஆகாது. குழந்தை திரும்புவது கையின் அசைவையும் காற்றையும் உணர்ந்துகூட இருக்கலாம்.

அறிவுசார் குறைபாட்டில் முழுமையாகத் தடுக்கக்கூடிய பகுதி ஒன்று உண்டு. பிறவித் தைராய்டு குறைவு 2,000 முதல் 4,000 பிறப்புகளுக்கு ஒன்று. குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம், இரண்டு வாரத்துக்குள் தைராக்சின் மருந்து தொடக்கம், அவ்வளவே. முதல் 24 மணி நேரத்தில் எடுத்தால் பிறந்த குழந்தைக்கு இயல்பாகவே டிஎஸ்ஹெச், அதாவது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், எகிறியிருக்கும், வீண் பயம். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் எடுப்பது நல்லது. கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் அயோடின், கருத்தரிக்கும் முன்பிருந்தே 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம், ருபெல்லா தடுப்பூசி ஆகியவற்றைப் பலமுறை எழுதியாகிவிட்டது. மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் ஈயத்தைப் பற்றித்தான் யாரும் எழுதுவதில்லை. ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் உள்ள குழந்தைகள் உலகில் ஏறத்தாழ 80 கோடி என்று யுனிசெஃப் 2020-ல் மதிப்பிட்டது.

பெற்றோர் கேட்பது வேறு: "என் குழந்தை இன்னும் நடக்கவில்லையே?" உலக சுகாதார நிறுவனத்தின் 2006 ஆய்வுப்படி, பிடிக்காமல் உட்காரும் வயது 3.8 முதல் 9.2 மாதம், தனியே நடக்கும் வயது 8.2 முதல் 17.6 மாதம். தவழாமலேயே நடந்த குழந்தைகள் 4.3 சதவீதம். ஆகவே பக்கத்து வீட்டுக் குழந்தை பத்து மாதத்தில் நடந்ததை வைத்து அஞ்ச வேண்டியதில்லை. 18 மாதம் ஆகியும் நடக்கவில்லை என்றால் காத்திருக்கவும் கூடாது. குறைமாதக் குழந்தைக்கு 2 வயது வரை திருத்திய வயதையே பார்க்க வேண்டும். 32 வாரத்தில் பிறந்தவன் 8 வாரம் முந்தியவன். முதல் பிறந்தநாளில் அவனுக்கு வளர்ச்சிக் கணக்கில் பத்து மாதம்தான். இந்தக் கழித்தலை மறந்து "தாமதம்" என்று எழுதிவைத்த குறிப்புகள் ஏராளம். ஏற்கெனவே வந்த திறன் போய்விட்டால் மட்டும் எந்தக் கழித்தலும் இல்லை: பேசிய சொற்களை விட்டுவிட்ட குழந்தையை அன்றே காட்ட வேண்டும்.

கடைசியாக ஒரு சொல் பற்றி. "prevalence" என்ற ஆங்கிலக் கலைச்சொல்லுக்கு நிகராகக் கட்டுரை முழுவதும் "பரவல்" என்று எழுதியிருக்கிறீர்கள். பரவுவது தொற்று. ஒரு நேரத்தில் நூற்றில் எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதை "இருப்பு விகிதம்" என்று சொல்லலாமே. ஆட்டிசம் உள்ள குழந்தையோடு விளையாடினால் ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
குழந்தை வளர்ச்சித் துறையில் பணியாற்றும் வாசகர்கள்