மரங்களைப்போல நடக்கிற மனுஷர்

அன்பு மக்கா,

உன் மகள் கல்யாணத்துக்கு வரவில்லை, அப்புறம் ஒரு போன்கூடப் பண்ணவில்லை. திட்டுவாய், திட்டு. வலது கண்ணில் புரை எடுத்து மூன்று வாரம் ஆகிறது. இப்போதுதான் வீட்டில் பேனாவைத் தொட விடுகிறார்கள். முதல் கடிதம் உனக்குத்தான்.

கட்டு அவிழ்த்த மறுநாள், கொடியில் கிடந்த என் வேட்டியை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். வலது கண்ணில் பளீரென்று வெள்ளை. இடது கண்ணில் அதே வேட்டி பழைய தாள் மாதிரி மஞ்சள். எத்தனை வருஷம் அந்த மஞ்சளை வெள்ளை என்று நம்பியிருக்கிறேன்! சர்ச்சில் ட்யூப்லைட் போட்ட பிறகும் பாமாலைப் பாட்டுப் புத்தகத்தில் வரி விட்டுப் பாடுகிறாய் என்று நீ சொன்னபோது உன்மேல் எரிந்து விழுந்தேனே, ஞாபகம் இருக்கிறதா?

சரி, சொல்ல வந்தது இது இல்லை. அன்று சாயங்காலம் நம் சர்ச்சில் மணியடிக்கிற கோயில்குட்டி வந்தார். வாசற்படிக்குக் கீழேயே நின்றுகொண்டு, "அய்யாவுக்கு இப்பம் நல்லாத் தெரியுதா?" என்று கேட்டார். அவர் கையைப் பார்த்தேன். மணிக்கயிறு இழுத்து இழுத்து உள்ளங்கையில் குறுக்கே காய்ப்புக் கட்டியிருந்தது. 22 வருஷமாக அந்த மணிச்சத்தத்துக்கு எழுந்து ஜெபம் பண்ணுகிறவன் நான். பொருளாளராக இருந்தபோது சம்பள நோட்டில் அவர் பெயரை எழுதியவனும் நான்தான். அந்தப் பெயரைச் சொல்லி ஒருநாள்கூட அவரைக் கூப்பிட்டதில்லை. உட்காருங்கள் என்றும் சொன்னதில்லை. ஏன் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சாதி என்ற வார்த்தையை நம் வீடுகளில் சொல்ல மாட்டோம், அவ்வளவுதான்.

ராத்திரி பேத்தியை பைபிளில் மாற்கு எட்டாம் அதிகாரம் வாசிக்கச் சொன்னேன். பெத்சாயிதா குருடன். மூக்குப்பொடி வாத்தியார் நம்மை மனப்பாடம் பண்ண வைத்த பகுதிதான். ஆண்டவர் இயேசு அவன்மேல் கை வைத்து ஏதாகிலும் காண்கிறாயா என்று கேட்கிறார். "நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன்" என்கிறான். அந்த இடத்தில் அவன் நன்றாகத் தெரிகிறது என்று பொய் சொல்லியிருக்கலாம். ஊருக்கு வெளியே கையைப் பிடித்துக் கூட்டிவந்தவர் முன்னால் அரைகுறைப் பார்வை என்று ஒப்புக்கொள்ளக் கூச்சமாக இருந்திருக்காதா? அவன் உள்ளதைச் சொன்னான். ஆண்டவர் மறுபடியும் கை வைத்தார். நான் 17 வயதில் கன்வென்ஷன் பந்தலில் ஆண்டவரை ஏற்றுக்கொண்டேன் என்று கை தூக்கியதோடு சரி, எல்லாம் தெரிகிறது என்றே சாட்சி சொல்லி வந்திருக்கிறேன். "காண்கிறோம் என்று சொல்லுகிறபடியினால் உங்கள் பாவம் நிலைநிற்கிறது" என்று யோவான் ஒன்பதில் பரிசேயரிடம் சொன்னாரே, அது இப்போது என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

'அமேசிங் கிரேஸ்' பாட்டு எழுதிய ஆங்கிலேயர் ஜான் நியூட்டனை நினைத்துப் பார். 1748-இல் புயலில் ஆண்டவரைக் கூப்பிட்டுப் பிழைத்தவர், அதற்குப் பிறகும் 1754 வரை அடிமைக் கப்பலில் போய்வந்தார். மேல்தளத்தில் மாலுமிகளுக்கு ஆராதனை நடத்துவார், கீழ்த்தளத்தில் விலங்கு பூட்டிய மனுஷர் கிடப்பார்கள். குருடனாயிருந்தேன், இப்போது காண்கிறேன் என்ற அந்தப் பாட்டை 1773 புதுவருஷத்துக்கு எழுதினார். அந்த வியாபாரத்துக்கு விரோதமாக வாய்திறந்து எழுதியதோ 1788-இல். நாற்பது வருஷம், மக்கா! முன்பெல்லாம் அவர்மேல் கோபம் வரும். இப்போது பயம்தான் வருகிறது.

கோயில்குட்டியை அன்று உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னேன். நுனியில் உட்கார்ந்தார். காப்பி ஆறும்வரை தொடவில்லை. அவருக்கு என் உபசாரமே ஒரு சங்கடமாகிவிட்டதோ என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போக நினைக்கிறேன். மன்னிப்பு கேட்க வேண்டும். எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நீ சனிக்கிழமை பஸ் ஏறி வந்துவிடு, சேர்ந்து போவோம். அந்த மணியடியில் வளர்ந்தவன்தானே நீயும். மதினியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
ராசா