எங்கள் வீட்டில் இன்னும் நிறைவு பெறவில்லை

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மாவட்டப் பக்கத்தில் ஒரு படம் போட்டிருந்தீர்கள். மேடையில் பத்துப் பேர், பத்துப் பேர் தோளிலும் பொன்னாடை. படுக்கை நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் மூன்றாண்டுத் திட்டம் 'வெற்றிகரமாக நிறைவு பெற்றது' என்று கீழே எழுதியிருந்தது. ரொம்ப சந்தோஷம். எங்கள் வீட்டுக்காரருக்கு மட்டும் நிறைவு பெறவில்லை. அதே கட்டிலில்தான் கிடக்கிறார்.

கிரானைட் குவாரியில் கம்ப்ரசர் ஓட்டியவர் அவர். ஐந்து வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது. அந்தத் திட்டத்தில் ஒரு நர்ஸ் பெண் வியாழக்கிழமைதோறும் ஸ்கூட்டியில் வருவாள். ரப்பர் கிளவுஸில் தண்ணீர் நிரப்பி முடிச்சுப் போட்டு அவர் குதிகாலுக்கு அடியில் வைப்பாள். இடுப்புப் புண்ணைத் துடைத்து, மெட்ரோனிடசோல் மாத்திரையை டம்ளர் அடியால் நுணுக்கித் தூவுவாள். அதற்கு அப்புறம்தான் வீட்டில் வாடை அடங்கியது. அதுவரை என் கூடப் பிறந்த தம்பியே வாசலோடு பேசிவிட்டுப் போவான். மாதம் ஒருமுறை யூரின் டியூப்பும் அவளே மாற்றிவிடுவாள். இப்போது அந்த டியூப்புக்காக ஆம்னி வண்டி வைத்துக்கொண்டு கிருஷ்ணகிரி போகிறோம். வாடகை 1,400 ரூபாய், தூக்கி ஏற்றி இறக்க இரண்டு ஆள். கடைசியாக வந்த அன்று 'ஃபண்டு முடிஞ்சிருச்சும்மா' என்று அழுதாள். அவளுக்கே இரண்டு மாதச் சம்பளம் பாக்கியாம். உங்கள் படத்தில் அவளைத் தேடினேன். இல்லை.

உங்களுக்குத் தெரியாததா? அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியதே நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான், 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி. பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நன்றி கெட்டுப் பேசமாட்டேன். ஆனால் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்க ஒன்றியத்துக்கு ஒரு நர்ஸ் என்றால், அந்த ஒருத்தி எத்தனை கட்டிலைத்தான் பார்ப்பாள்? மாத்திரை கொண்டுவரும் பெண்ணுக்குக் கிடைப்பதும் சம்பளம் இல்லை, ஊக்கத்தொகை.

இந்த மாதிரி வார்த்தைகளோடு எனக்குப் பழைய பழக்கம். அங்கன்வாடியில் 29 வருஷம் 'மதிப்பூதியம்' வாங்கியவள் நான். மதிப்பு நிறைய, ஊதியம்தான் குறைச்சல். சொட்டு மருந்துக்கு நாங்கள், வாக்காளர் பட்டியலுக்கும் நாங்கள். ஒருமுறை எடை மெஷின் கெட்டு எட்டு மாதம் கிடந்தது. கேட்டால் நிதி வரவில்லை. காய்கறிக் கடைத் தராசைக் கடன் வாங்கி, சேலையில் தொட்டில் கட்டிப் பிள்ளைகளை எடை போட்டேன். அதையும் உங்களுக்கு எழுதினேன். இடம் இல்லாமல் போயிருக்கும், பரவாயில்லை.

பணம் இல்லை என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டத்திலேயே இருப்பதாக ஓசூரில் வேலை பார்க்கும் என் மருமகன் சொன்னார். தொடர் திட்டமாகவே இருந்தாலும் ஆரம்பித்த வருஷம் போக மூன்று வருஷத்துக்குள் முடித்துவிட வேண்டுமாம். பக்கவாதத்துக்கு இந்த விதியை யாரும் எடுத்துச் சொல்லவில்லை போல.

சரி, கம்பெனி வேண்டாம். குவாரிக்காரர்கள் கட்டும் பணத்துக்கென்று 2015 சுரங்கச் சட்டத் திருத்தத்தில் மாவட்டக் கனிம அறக்கட்டளை வந்ததே! குடிநீர், மருத்துவம், முதியோர், மாற்றுத்திறனாளிகள், இவர்களுக்குத்தான் அதில் முன்னுரிமை. ராத்திரியெல்லாம் எங்கள் ஜன்னல் அதிரக் கல் லாரி போகிறது. லாரி ஓடுகிறவரை அந்தப் பணமும் வரும். அதில் ஊருக்கு ஊர் வர ஒரு நர்ஸுக்குச் சம்பளம் எழுத முடியாதா? கட்டடம் என்றால் கல்வெட்டு பதிக்கலாம், நர்ஸ் மேல் பதிக்க முடியாது, அதுதான் சங்கடமோ என்னவோ.

நான் கேட்பது பெரிதில்லை. வேப்பனப்பள்ளி பக்கம் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில், எந்தக் கிழமையில் யூரின் டியூப் மாற்ற ஆள் இருப்பார் என்று உங்கள் நிருபரை விசாரிக்கச் சொல்லி, ராசிபலனுக்குப் பக்கத்தில் நாலு வரி போடுங்கள். எங்களுக்கு அடுத்த டியூப் 18-ஆம் தேதி மாற்ற வேண்டும். அதற்கு முன்னால் வந்தால் ஒரு வண்டி வாடகை மிச்சம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
வேப்பனப்பள்ளி அருகில், கிருஷ்ணகிரி மாவட்டம்.
(பெயர் போட வேண்டாம் ஐயா. அந்த நர்ஸ் பெண்ணின் சம்பளப் பாக்கி இன்னும் வரவில்லை.)