ஹீற் டேப்பில் கை வைக்கமுன்: மச்சானுக்கு ஒரு கடிதம்

கிளிநொச்சி

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகன் சிறுத்தைப் பல்லி வளர்க்கிறான் என்று வீட்டில் வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்கு நம்ப முடியவில்லை. பல்லிக்கு எதற்குக் கரண்ட் என்று கேட்டார். இரணைமடுக் குளத்து அணைக்கட்டில் காலையில் உடும்பு வெயில் காய்வதை அவர் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறார். அதைச் சொன்னதும் விளங்கிவிட்டது. ஊர்வனவற்றுக்கு வெளியிலிருந்து சூடு கிடைக்காவிட்டால் தின்றது செமிக்காது. ஆகவே மகன் கேட்ட ஹீற் டேப், அதாவது தொட்டிக்கு அடியில் ஒட்டிச் சூடு கொடுக்கிற மெல்லிய பட்டி, ஆடம்பரமான பொருள் இல்லை. ரொறன்ரோக் குளிரில் அது வேண்டும்தான்.

ஊர்ப் புதினம் பிறகு. உன் கடிதத்தில் ஒரு வரி என்னை நிம்மதியாக இருக்க விடவில்லை. "ஒரு நாள் சுடுகிறது, ஒரு நாள் இல்லை, வயரைக் கொஞ்சம் அசைத்தால் திரும்ப வருகிறது. 24 வாட்தானே, பரவாயில்லை" என்று எழுதியிருக்கிறாய். பரவாயில்லை என்று விடக்கூடிய விஷயம் இல்லை மச்சான். இதை வாசித்து முடித்ததும் முதலில் பிளக்கைக் கழற்று.

அந்த டேப்பின் அமைப்பு இதுதான். இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே, ஏணியைப் படுக்கப் போட்ட மாதிரி, இரண்டு ஓரங்களிலும் மெல்லிய உலோகப் பட்டி ஓடும். குறுக்கே கறுப்புக் கரிப் பட்டைகள் இருக்கும். ஒரு ஓரத்தால் வரும் கரண்ட் ஒவ்வொரு பட்டையாலும் மற்ற ஓரத்துக்குப் போகும்போது பட்டை சூடாகிறது. ஒவ்வொரு பட்டையும் தனித்தனியாக இணைந்திருப்பதால்தான் குறித்த கோட்டில் வெட்டி நீளத்தைக் குறைக்கலாம். வயரைப் பிடிக்கிற கிளிப் பிளாஸ்டிக்கைத் துளைத்து அந்த உலோகப் பட்டியைக் கடித்து நிற்கிறது. கடி தளர்ந்தால் முழுக் கரண்டும் ஊசிமுனையளவு இடத்தால் போக வேண்டும். அங்கே பொறி பறக்கும், பிளாஸ்டிக் கருகும். 24 வாட் என்றால் 120 வோல்ட்டில் வெறும் 0.2 அம்பியர். உன் வீட்டு 15 அம்பியர் பிரேக்கருக்கு அப்படி ஒன்று நடப்பதே தெரியாது. டெஸ்ட் பட்டன் வைத்த பிளக் பொயிண்ட் அங்கே குளியலறைகளில் இருக்குமே, அது 5 மில்லி அம்பியர் அளவு கசிந்தாலே தானாகக் கரண்டை நிறுத்திவிடும். தொட்டியில் தண்ணீர் வைப்பதால் அப்படி ஒன்றில் கொழுவுவது நல்லது. ஆனால் தளர்ந்த கிளிப்பை அதுவும் கண்டுபிடிக்காது. நீதான் பார்க்க வேண்டும்.

பிளக் கழற்றிய நிலையில் கிளிப்பைச் சுற்றிப் பழுப்பு நிறம் இருக்கிறதா என்று பார். அப்புறம் சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட்டையும் விலக்கிவிட்டு, டேப்பின் பிளக் முனைகள் இரண்டிலும் மல்டிமீற்றரை வைத்துத் தடையை (ஓம்) அள. உன்னுடையது 4 அங்குல அகலம், அடிக்கு 8 வாட், 3 அடி நீளம். 120 ஐ 120 ஆல் பெருக்கி 24 ஆல் பிரித்தால் 600 ஓம். மீற்றர் அந்த அளவில் காட்ட வேண்டும். காட்டிக்கொண்டே இருக்க, வயரை மெல்ல ஆட்டிப் பார். எண் துள்ளினால் கள்ளன் கிளிப்தான், அல்லது அதற்குள் போகிற வயர். அதே ஓட்டையில் பழைய கிளிப்பைத் திரும்ப நெரிக்காதே. அடுத்த கோட்டோடு அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு, புதுக் கிளிப்பைக் குறட்டால் இறுக்கமாக நெரி. கிளிப்பின் இரு பக்கத்தையும் அதோடு வருகிற காப்பால் மூடு. வெட்டின மற்ற முனையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அங்கேயும் உலோகம் வெளியே தெரியும், அதையும் மூட வேண்டும். டேப்பை ஒட்ட வெள்ளி நிற அலுமினியத் தாளைப் பாவித்தால், அதிலும் கரண்ட் ஓடும் என்பதை நினைவில் வை. முனைக்குக் கிட்டவும் கொண்டுபோகாதே.

போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பற்றரி இல்லாமல், சைக்கிளைக் கவிழ்த்து டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஆட்கள் நாங்கள். அந்த 6 வோல்ட்டில் எதையும் வெறுங்கையால் முறுக்கலாம். அப்போது பழகின துணிச்சல்தான் உன்னை வயரை அசைத்துப் பார்க்கச் சொல்கிறது. 120 வோல்ட்டில் அது வேண்டாம்.

கிளிப்பை விட எனக்குப் பயம் தெர்மோஸ்டாட்டின் சென்சரில்தான். அது டேப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே அசையாமல் இருக்க வேண்டும். கழன்று மேசைக்குக் கீழே தொங்கினால் அது உணர்வது அறைக் குளிரை. இன்னும் சுடவில்லை என்று நினைத்துக் கரண்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பல்லிக்கு வயிறு வெந்துபோகும். அதுவோ சுடுகிறது என்று எழும்பிப் போகாமல் சில வேளை அங்கேயே கிடக்கும். தெர்மோஸ்டாட் காட்டுகிற எண்ணை மட்டும் நம்பாமல், பல்லி படுக்கிற தரையையே அகச்சிவப்பு வெப்பமானியால் பார்க்கச் சொல். 31 முதல் 33 பாகை வரை போதும். டேப் தொட்டித் தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், சுட்டால் விலகிப் போக அதற்குக் குளிர்ந்த இடம் வேண்டும். டேப்பை மடிக்கவோ ஒன்றின்மேல் ஒன்று போடவோ கூடாது. தொட்டிக்குச் சின்னக் கால் வைத்து அடியில் காற்றுப் போக விடு.

இன்னொன்று. அங்கே ஹாட்வெயர் கடையில் அதே பெயரில் தண்ணீர்க் குழாய் உறையாமல் சுற்றுகிற வயரும் இருக்கும். மலிவு என்று வாங்கிவிடாதே. அவற்றில் பலவும் உறைநிலைக்குக் கிட்டத்தான் வேலை தொடங்கும்.

மிச்ச டேப்பை என் கோழிக்குஞ்சுகளுக்கு அனுப்புகிறேன் என்றாயே, மனம் நிறைந்துவிட்டது. ஆனால் வேண்டாம். இங்கே 230 வோல்ட். வோல்ட் இரண்டு மடங்குக்குக் கிட்ட ஏறினால் வாட் அதே அளவில் ஏறாது, 3.7 மடங்காகும். அடிக்கு 8 வாட் என்பது 29 ஆகிவிடும். குஞ்சுக் கூட்டுக்கு எனக்குப் பல்ப் போதும்.

இங்கே காலபோக நெல் விதைப்பு முடிந்துவிட்டது. மழை பரவாயில்லை, குளத்துக்குத் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் நோ குறையவில்லை, ஆனாலும் வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகத்தான் வேண்டும் என்று நிற்கிறார். நீயும் அந்த நேரம் பார்த்து வா, மகனையும் கூட்டி வா. உடும்பைக் காட்டுவோம். பிடிக்க மட்டும் விடமாட்டேன், அது சட்டம் காக்கிற பிராணி.

மீற்றர் என்ன எண் காட்டியது, ஆட்டும்போது துள்ளியதா என்று உடனே எழுது. கிளிப் மாற்றும்வரை டேப்பைக் கொழுவாமல், பல்லி இருக்கிற அறையின் ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்.

உன் பழைய கூட்டாளி