முடக்குவாதக் கால்களுக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும், வணக்கம்.

மூட்டுகள் வீங்கி வலிக்கும் முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) என்றதும் எல்லோரும் கைவிரல்களைத்தான் பார்ப்பார்கள். காலையில் கட்டிலை விட்டு இறங்கியதும் கூழாங்கல்லை மிதித்தது போல முன்பாதம் குத்துவதைப் பற்றி விசாரிப்பவர்கள் குறைவு. நீங்கள் விசாரித்தீர்கள். செருப்பைக் கழற்றச் சொல்லி, பாதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தீர்கள்.

முதல் நன்றி, செருப்புச் செய்து தரும் அண்ணன்களுக்கு. வேலூரிலும் அதன் அருகே கரிகிரியிலும் தொழுநோயாளிகளின் பாதங்களைக் காக்கப் பயன்பட்ட எம்.சி.ஆர். என்னும் நுண்துளை மெத்து ரப்பர்தான் இன்று எங்கள் பாதங்களையும் தாங்குகிறது. ஆனால் மெத்தென்று இருந்தால் மட்டும் போதாது என்பதைப் புரிய வைத்தவர்கள் நீங்கள். முன்பாதத்தில் வலிக்கிற எலும்பு முனைக்கு நேர் கீழே, செருப்பின் மேல் திண்டு (சிறு மெத்தை) வைத்தால் வலி கூடத்தான் செய்யும். திண்டின் முன்விளிம்பு அந்த முனையிலிருந்து குதிகால் பக்கமாக 5 முதல் 10 மில்லிமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அப்போதுதான் அது எலும்பின் தண்டுப் பகுதியைத் தாங்கி, முனையில் விழும் பாரத்தைக் குறைக்கும். இடம் தெரிவதற்காக, அழுத்தினால் வலிக்கும் இடங்களில் நெற்றிக்கு இடும் சாந்தைத் தொட்டு வைத்து, வெறுங்காலோடு செருப்பின் மேல் ஏறி நிற்க வைத்தீர்கள். பதிந்த பொட்டுகளுக்குப் பின்னால் கோடு போட்டு, திண்டை முதலில் டேப்பால் ஒட்டி நடக்கவிட்டுப் பார்த்தீர்கள். வலி குறைந்தது என்று தெரிந்த பிறகுதான் பசை போட்டீர்கள். அந்தப் பொறுமைக்கு ஈடு கிடையாது.

பின்வார் இல்லாத செருப்பு வேண்டாம் என்று நீங்கள் பிடிவாதமாகச் சொன்னதும் சரிதான். செருப்பு கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் அதை இறுக்கிப் பிடிக்கும். ஏற்கெனவே வளையத் தொடங்கிய விரல்கள் இன்னும் வளையும். வீக்கம் கூடியிருக்கும் மாலை நேரத்தில் அளவெடுத்ததற்கும், கைவிரல் வலிப்பவர்களுக்குப் பக்கிளுக்குப் பதில் வெல்க்ரோ வைத்ததற்கும் நன்றி. கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுத்தால் ரப்பர் மேலே எழும்பவில்லையா, தளத்தை மாற்றிவிட வேண்டும் என்ற உங்கள் சோதனையை இப்போது எங்கள் வீடுகளில் குழந்தைகள்கூடச் செய்கிறார்கள்.

பிசியோதெரபி அக்காமார்களே, இறங்குவதற்கு முன் படுத்தபடியே கணுக்காலை மேலும் கீழும் 15 முறை அசைக்கச் சொன்னீர்கள். மூட்டு சூடாக வீங்கியிருக்கும் நாளில் அந்த அசைவு மட்டும் போதும், கெண்டைக்காலை இழுத்து நீட்டும் பயிற்சி வேண்டாம் என்றும் பிரித்துச் சொன்னீர்கள். பயிற்சிக்குப் பின் கூடிய வலி 2 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் மறுநாள் அளவைக் குறைக்க வேண்டும் என்ற கணக்கு பலரைக் காப்பாற்றியிருக்கிறது. ஊன்றுகோலை வலிக்கிற காலின் பக்கமே பிடிப்பது எங்களில் பலருக்குப் பழக்கம். அதை எதிர்க்கைக்கு மாற்றி, கை தொங்கும்போது மணிக்கட்டு ரேகை வரும் உயரத்துக்கு வெட்டித் தந்தீர்கள். கோலும் வலிக்கும் காலும் சேர்ந்து முன்னே போக வேண்டும் என்று கூடவே நடந்து காட்டினீர்கள்.

மருந்துக்கடைத் தம்பிகளுக்கும் நன்றி சொல்லியாக வேண்டும். முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் வாரத்தில் ஒரு நாள் மட்டுமே போட வேண்டிய மாத்திரை. தெரியாமல் தினமும் போட்டால் ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தாகும். உறை மேல் 'செவ்வாய்க்கிழமை மட்டும்' என்று தமிழில் பெரிதாக எழுதி, வாய்ப்புண் அல்லது காய்ச்சல் வந்தால் அடுத்த வார மாத்திரையைப் போடுமுன் டாக்டரைக் கேளுங்கள் என்றும் சொல்லி அனுப்புகிறீர்கள். டைக்ளோஃபெனாக்கும் அசிக்ளோஃபெனாக்கும் ஒரே இன வலி மாத்திரைகள், இரண்டையும் சேர்த்துப் போட்டால் வயிறும் சிறுநீரகமும் கெடும் என்று எச்சரித்து, ஒன்றைத் திரும்ப வாங்கிக்கொண்டதும் நீங்கள்தான். விற்பனை குறைந்தாலும் பரவாயில்லை என்று நினைக்கிற மனசு பெரிது.

டாக்டர்களே, செருப்பும் ஒத்தடமும் வலியைத்தான் குறைக்கும், உள்ளே எரியும் அழற்சியை மருந்துதான் அடக்கும் என்று ஒளிக்காமல் சொன்னதற்கு நன்றி. உள்கணுக்கால் எலும்புக்குப் பின்னால் வலித்து, ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்க முடியாமல் போனால் பாத வளைவைத் தாங்கும் தசைநார் தளர்கிறது, தட்டையாகும் வரை காத்திருக்காதீர்கள் என்றீர்கள். ஒரே ஒரு மூட்டு திடீரென்று சிவந்து காய்ச்சலும் வந்தாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினாலோ, பாதம் மரத்துத் தூக்க முடியாமல் போனாலோ அன்றே வரச் சொன்னீர்கள். அதை எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

வீட்டாருக்கு: கழிவறையில் உயரமான கோப்பை வைத்ததற்கும், தரையில் உட்கார்ந்து செய்யும் வேலைகளையெல்லாம் மேசைக்கு ஏற்றியதற்கும், காலையில் அவசரப்படுத்தாமல் இருப்பதற்கும் நன்றி.

இப்படிக்கு,
முடக்குவாதத்தோடு நடக்கிற நாங்கள்