குவாமிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், உங்கள் இருவரின் நலம் அறிய ஆவல். வெள்ளைக்காரனே சாம்ராஜ்யத்தைக் கட்டி மேய்க்க முடியாமல் விட்டுப் போனபின் இந்தக் காலத்து வல்லரசுக்கு அது எதற்கு என்று சென்ற கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். பசிபிக் கடலிலுள்ள இந்தத் தீவுக்கு வேலைக்கு வராதிருந்தால், தேவையே இல்லை என்றுதான் நானும் எழுதியிருப்பேன்.

1898 ஜூனில் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று இங்கே பீரங்கி சுட்டபோது, அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்ட சேதியே எட்டாத, தீவை ஆண்ட ஸ்பானிய அதிகாரிகள் அதை மரியாதை வேட்டு என்று எண்ணி, பதிலுக்குச் சுட மருந்தில்லையே என்று வருத்தம் தெரிவிக்கப் படகேறிப் போனார்களாம். அப்படிக் கைமாறிய தீவு இன்றும் அமெரிக்காவின் உடைமைதான். அதே போரில் கிடைத்த பிலிப்பைன்ஸுக்கு 1946இல் சுதந்திரம் தந்துவிட்டுத் தளங்களை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 1991இல் அந்நாட்டு செனட் தளங்களுக்கான புதிய ஒப்பந்தத்தை நிராகரித்ததும், மறு ஆண்டே அங்கிருந்த சூபிக் விரிகுடா கடற்படைத் தளத்திலிருந்து மூட்டை கட்ட நேர்ந்தது. குவாமில் அப்படி வெளியேறச் சொல்ல இங்குள்ளவர்களுக்கு அதிகாரமில்லை. கோடிக்கணக்கான மக்களை ஆள்வது இன்று நட்டம். ஓடுபாதையும் அப்ரா போன்ற ஆழமான துறைமுகமும் கொண்ட, ஒன்றரை லட்சம் பேர் மட்டுமே வாழும் தீவைக் கைவிடாதிருப்பது லாபம் என்றே எனக்குப் படுகிறது. (கணக்கெழுதிப் பிழைப்பவள் புத்தி இப்படித்தான் போகும்.)

அந்த லாபத்துக்கான விலையை வாஷிங்டன் கொடுப்பதில்லை. தீவின் நிலத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு ராணுவத்திடம் இருக்கிறது. போர் விமானம் மேலேறும்போது அடுக்களைத் தட்டுகள் கிணுகிணுக்க, அது கடக்கும்வரை பேச்சை நிறுத்திக்கொள்ள நானும் பழகிவிட்டேன். 1950ஆம் ஆண்டுச் சட்டத்தால் இம்மக்கள் அமெரிக்கக் குடிமக்கள். ஆயினும் அதிபர் தேர்தலில் இவர்களுக்கு வாக்கில்லை. பிரதிநிதிகள் சபைக்கு ஒருவரை அனுப்பலாம், சட்டம் நிறைவேறும் இறுதி வாக்கெடுப்பில் அவர் பங்கேற்க முடியாது.

என் பக்கத்து மேசையில் வேலை பார்க்கும், இத்தீவின் பூர்வகுடியான சமோரோ இனத்து அம்மாள், அதிபர் தேர்தல் நாளன்று இங்கே நடத்தப்படும் மாதிரி வாக்கெடுப்பில் வாக்களித்துவிட்டுத் தாமதமாக வந்தார். கணக்கில் சேராத வாக்குக்கு இத்தனை நேரம் நிற்க வேண்டுமா என்று கேட்டேன். கலிபோர்னியாவில் குடியேறிய தம் மகனுக்கு அங்கே உண்மையான வாக்கு இருக்கிறது என்றார். ஊர் திரும்பினால் அது போய்விடுமே என்று அவன் யோசிக்கிறானாம்.

அம்மாவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் மகள்