படம் கோச்சி, ஆட்டம் தொகுஷிமா

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் ஜப்பானியத் திருவிழாக் கட்டுரையில் ஒரு படத்துக்குக் கீழே 'அவா ஒதோரி' என்று போட்டிருக்கிறீர்கள். படத்தில் ஆடுபவர்கள் கையிலோ நருகோ, அதாவது தட்டினால் கலகலக்கும் சின்ன மரக்கட்டை. அது கோச்சி ஊரின் யொசகோய் ஆட்டம், 1954இல் தொடங்கியது. அவா ஒதோரி என்பது பக்கத்து மாகாணமான தொகுஷிமாவின் ஆட்டம்; ஆகஸ்ட் 12 முதல் 15 வரை நடக்கும். இரண்டும் ஷிகொகு தீவில்தான் என்றாலும் மாற்றிச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள்.

படம் போகட்டும். கம்பெனி ஊழியர்கள் சேர்ந்து ஆடுவதை 'வெறும் விளம்பரம்' என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டாரே, அதுதான் என்னை எழுத வைத்தது. விளம்பரம் இல்லாமல் இல்லை. ஆட்டக் குழுவை அவா ஒதோரியில் 'ரென்' என்பார்கள். கம்பெனி ரென் என்றால் முன்னால் தூக்கிப் போகும் காகித விளக்கிலேயே கம்பெனிப் பெயர் இருக்கும். ஆனால் தொகுஷிமாவில் வேலை பார்த்தபோது ஒரு வருடம் நானும் அப்படி ஆடியிருக்கிறேன்.

வேலை முடிந்ததும் கார் நிறுத்துமிடத்தில் பயிற்சி. எந்தக் கால் முன்னே போகிறதோ அதே பக்கத்துக் கையும் போக வேண்டும். கேட்க எளிது, ஒரு வாரம் எனக்குக் கையும் காலும் சண்டை. பெண்கள் பாடு இன்னும் கஷ்டம்: மரச்செருப்பின் நுனியில் நின்று, தூக்கிய கையை இறக்காமல் ஆட வேண்டும். சொல்லிக்கொடுத்தவர் சரக்குப் பிரிவில் பெட்டி கட்டுபவர், சிறு வயதிலிருந்தே ஆடுகிறவர். எங்கள் மேலாளரைப் பார்த்து "இடுப்பு இறங்கலை, இன்னொரு தடவை" என்று அதட்டுவார். மேலாளர் வியர்க்க வியர்க்க மறுபடி ஆடுவார். மறுநாள் காலை அதே மேலாளரிடம் கையெழுத்து வாங்க, இவர் குனிந்து நிற்பார். முந்தின மாலையைப் பற்றி இருவரும் மூச்சு விட மாட்டார்கள்.

எல்லாரும் ஆசைப்பட்டு வந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். முழங்கால் வலியோடு ஒருவர் தினமும் வந்தார், வராவிட்டால் என்ன நினைப்பார்களோ என்று. பயிற்சி நேரத்துக்குச் சம்பளமும் கிடையாது. கட்டுரையாளர் குறை சொல்ல நினைத்திருந்தால் இதைச் சொல்லியிருக்கலாம்.

அப்புறம், கம்பெனியும் குழுவும் இல்லாதவர்களுக்கு 'நிவாகா ரென்' உண்டு. கட்டணம் இல்லை, போட்டிருக்கும் சட்டையோடு சேர்ந்துகொள்ளலாம். அங்கே போகிற நம் வாசகர்களுக்கு உதவும் என்பதால் அடுத்த இதழில் படத் திருத்தத்தோடு இதையும் போடுங்கள்.

வாசகர், ஓசூர்