சிவப்பு மையை எடுப்பதற்கு முன்

அன்புள்ள மகளுக்கு,

சீனாவின் செங்டு நகரிலிருந்து நீ அனுப்பிய நோட்டுப் பக்கத்தின் படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். ‘நான் ஊருக்குப் போனால் பாட்டியின் ஹார்ட் ஓப்பன் ஆகிவிடும்’ என்று உன் மாணவன் ஆங்கிலத்தில் எழுதிய வரிக்குக் கீழே கோடு போட்டு, ஓரத்தில் ‘அறுவை சிகிச்சையா?’ என்று கேட்டிருக்கிறாய். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சீனத்தில் ‘கைசின்’ என்றால் மகிழ்ச்சி; ‘கை’ திறத்தல், ‘சின்’ நெஞ்சம். அன்றாடம் புழங்கும் ஒரு சொல்லைத்தான் அவன் பாதிபாதியாகப் பிரித்து ஆங்கிலத்தில் வைத்திருக்கிறான்.

‘ஓப்பன் த லைட்’ என்று வகுப்பே சொல்வதாக நீ அலுத்துக்கொள்வதும் இதே கதைதான். விளக்கை எரிய விடுவது, வண்டி ஓட்டுவது, கூட்டம் நடத்துவது, பூ மலர்வது எல்லாவற்றுக்கும் அவர்களுக்குக் ‘கை’ போதும். கொதித்த தண்ணீருக்குக்கூட ‘கைஷுய்’ என்றே பெயர். கதவு, பெட்டி, கடை வரைக்கும் அதனோடு ஒத்துப்போகும் ஆங்கில ஓப்பன், ஸ்விட்சுக்கு அருகே வந்ததும் விலகிவிடுகிறது. நம் பிள்ளைகளின் ‘புட் த லைட்’டை நான் 30 ஆண்டுகள் திருத்தினேனே, அது நம்முடைய ‘போடு’ செய்த வேலை.

நேர்ப்பொருள் எளிது, உருவகப் பொருள் கடினம் என்று எண்ணிப் பாடம் அமைப்பது நம் வழக்கம். இந்தச் சொல்லில் அது பெரும்பாலும் தலைகீழ் என்பது என் கருத்து. ஊரறிந்த ரகசியத்தைக் குறிக்கும் ‘ஓப்பன் சீக்ரெட்’டை நீ விளக்கவே வேண்டாம், ஏனென்றால் அவர்களுடைய ‘கோங்கை த மிமி’யிலும் அதே ‘கை’ இருக்கிறது. ‘ஓப்பன் ஹார்ட்டட்’ மட்டும் ஏமாற்றும்: ஆங்கிலத்தில் அது ஒளிவுமறைவற்ற மனத்தையோ தாராள குணத்தையோ குறிக்குமே தவிர, பேரனைக் கண்ட பாட்டியின் பூரிப்பைக் குறிக்காது.

இன்னொன்று, ‘கை’ என்ற அந்தச் சீன எழுத்தின் பழைய வடிவத்தைக் கரும்பலகையில் பெரிதாக வரைந்து காட்டு. இரட்டைக் கதவு, உள்ளே ஒரு தாழ்ப்பாள், அதைத் தூக்கும் இரண்டு கைகள். தைவானிலும் ஹாங்காங்கிலும் இன்றும் அப்படியே எழுதுகிறார்கள். சீன நிலப்பரப்பில் எழுத்துகளை எளிமையாக்கியபோது கதவு போய், தாழ்ப்பாளும் கைகளும் மட்டும் மிஞ்சின. ஒலியும் நமக்குக் ‘கை’ என்றே கேட்பது தற்செயல்தான், என்றாலும் எனக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம்.

அடுத்த பாடம் ‘க்ளோஸ்’ என்றாய். அவர்களுடைய ‘குவான்’ விளக்கை அணைப்பதற்கும் வரும். ‘குவான்சின்’ என்று நெஞ்சத்தோடு சேர்ந்தால் அக்கறை காட்டுவதாகிவிடும், ஏனெனில் ‘குவான்’ அடைப்பதோடு சம்பந்தப்படுவதையும் குறிக்கும். ‘என் அம்மா எனக்காக ஹார்ட்டை க்ளோஸ் செய்கிறாள்’ என்று யாராவது எழுதினால் கோடு போடாமல், என்ன சொல்ல வந்தாய் என்று முதலில் கேள். அந்தப் பக்கத்தையும் எனக்குப் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா